நில்ஸ் ஆர்னே எக்கென்: ஆட்டமும் கோட்பாடும்

ட்ரோன்ட்ஹெய்ம் நகரின் ரோசன்போர்க் அணிக்கு 14 லீக் பட்டங்கள், மோஸ் அணிக்கு ஒன்று. பயிற்சியாளராக நில்ஸ் ஆர்னே எக்கென் பெற்றுத்தந்தவை மொத்தம் 15. நார்வே கால்பந்தில் இந்தக் கணக்கை நெருங்கியவர் எவரும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால் விவாதத்துக்கே இடமிருக்காது. ஆனால் எக்கென் பட்டங்களோடு நிறைவடைந்தவரல்லர். தன் முறையைக் கோட்பாடாக வகுத்து 1999-இல் நூலாகவும் வெளியிட்டார். தன் வெற்றிக்குக் காரணம் இன்னதென்று சொல்லத் துணிந்த ஒருவரை, அந்தக் காரணம் நிற்கிறதா என்று கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும். 2022 ஜனவரியில், 80 வயதில் அவர் மறைந்தார். அஞ்சலிகளின் ஈரம் காய்ந்த பிறகு செய்யவேண்டிய வேலை இது.

ஆட்டக்காரராக அவரைப் பற்றி அதிகம் நீட்டத் தேவையில்லை. ட்ரோன்ட்ஹெய்முக்குத் தென்மேற்கே உள்ள ஓர்க்டால் பகுதியில் 1941-இல் பிறந்தவர், தடுப்பாட்டக்காரர், தேசிய அணிக்காக 29 ஆட்டங்கள் ஆடியவர். 1965-இல் ஓஸ்லோவின் வோலெரெங்காவோடும், 1967, 1969 ஆண்டுகளில் ரோசன்போர்க்கோடும் லீக் பட்டம் வென்றார். நம்பகமான வீரர். ஆனால் அந்தக் காலத்து ரோசன்போர்க்கை நினைக்கும்போது முதலில் வரும் பெயர், 1968-இல் ஒரே பருவத்தில் 30 கோல் அடித்த ஒட் ஈவெர்செனுடையதுதான். எக்கெனின் ஆட்ட வாழ்க்கை அவருடைய சிந்தனைக்கு மூலப்பொருள் தந்தது. அதற்கு மேல் அதற்கு எடை ஏற்றுவது நியாயமாகாது.

அந்த மூலப்பொருளில் ஒன்று முக்கியமானது. ஆங்கிலேயரான ஜார்ஜ் கர்ட்டிஸின் பயிற்சியில் 1970-இல் ரோசன்போர்க் கோல் விடாமல் காப்பதிலேயே குறியாக இருந்து இரண்டாம் இடம் பிடித்தது. அடித்த கோல்களும் சொற்பம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற எக்கெனுக்கு முதல் பருவத்திலேயே லீக், கோப்பை இரண்டும் கிடைத்தன. கோல் அடித்து வெல்லும் அணியைத்தான் உருவாக்குவேன் என்ற பிடிவாதம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை. எழுபதுகளின் நடுவில் இன்னொருவரோடு சேர்ந்து தேசிய அணியையும் நடத்தினார். அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய முறை நாள்தோறும் ஒன்றாகப் பயிலும் அணிக்கு உரியது. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் கூடும் தேசிய அணியில் அது வேர்பிடிக்க வழியில்லை என்பதை அந்த ஆண்டுகளே காட்டிவிட்டன. பின்னாளில் அவரைக் கொண்டாடியவர்கள் இந்தத் தோல்வியைக் கணக்கில் சேர்த்திருந்தால் கோட்பாட்டின் எல்லையும் அப்போதே தெளிந்திருக்கும்.

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு 'நல்ல கால்' உண்டு. மற்றவர்களைவிட அவர் சிறப்பாகச் செய்யும் ஏதோ ஒன்று. அது வேகமாக இருக்கலாம், தலையால் முட்டும் திறனாக இருக்கலாம், களத்தை முன்கூட்டியே படிக்கும் பார்வையாகவும் இருக்கலாம். குறைகளைச் செப்பனிடுவதில் காலத்தைச் செலவிடாமல் அந்த வலிமையைப் பெருக்குவதே பயிற்சி. இதுவரை சொன்னது புதிதல்ல. எந்த நல்ல ஆசிரியரும் அறிந்தது. எக்கெனும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்தான். புதுமை அடுத்த படியில் இருக்கிறது. வீரரின் முதல் கடமை, பக்கத்தில் ஆடுபவரின் நல்ல காலை அறிந்து, அதற்குத் தோதாகப் பந்தைக் கொடுப்பது. ஒருவருடைய திறன் அவருக்குள் மட்டும் இல்லை, அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் இருக்கிறது என்பதே இதன் உட்கிடை. தனிநபர் திறனைக் கூட்டிப் பார்த்து அணியின் திறனைக் கணிக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிரான நிலைப்பாடு.

களத்தில் இது 4-3-3 வடிவம் எடுத்தது. எழுபதுகளின் டச்சுக் கால்பந்திலிருந்து எக்கென் கற்ற வடிவம் அது. இரு பக்கமும் விங்கர்கள், பின்னாலிருந்து ஏறிவரும் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்கள், நடுவில் மூவர். அந்த மூவரில் கேப்டன் பென்ட் ஸ்கம்மெல்ஸ்ருட் பந்தைப் பங்கிட, ரோர் ஸ்ட்ராண்ட் போன்றவர்கள் தற்காப்புக் கோட்டைத் தாண்டி ஓடினார்கள். ஒரே வகைப் பயிற்சிகள், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில். யார் எந்த நொடியில் எங்கே ஓடுவார் என்று பார்க்காமலே தெரியும் அளவுக்கு அந்தப் பயிற்சிகள் திரும்பத் திரும்ப நடந்தன. ஸ்ட்ராண்ட் அந்த ஒரே மன்றத்தில் 16 லீக் பட்டங்கள் வென்றார் என்பது அவருடைய சாதனை மட்டுமன்று, இந்த முறை எவ்வளவு நிலைத்த குழுவைச் சார்ந்திருந்தது என்பதற்கான சான்றும்கூட.

முறைக்கு முதல் கடும் சோதனை ரோசன்போர்க்குக்கு வெளியே நடந்தது. என் கணிப்பில் எக்கெனின் மிகத் தூய்மையான சாதனையும் அதுதான். 1987-இல் அவர் பயிற்றுவித்த மோஸ், ஓஸ்லோவுக்குத் தெற்கே உள்ள சிறு துறைமுக நகரின் அணி. அந்தப் பருவத்தில்தான் முதல் பிரிவுக்கு ஏறியிருந்தது. ஆட்டம் சமனானால் பெனால்டி அடித்து வெற்றியாளரை முடிவுசெய்யும் விசித்திரமான விதி நார்வேயில் நடப்பிலிருந்த ஆண்டு. பட்டம் கடைசி நாளின் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. போட்டியாளரான மோல்டெயின் சொந்தத் திடலிலேயே மோஸ் 2-0 என்று வென்று பட்டத்தைத் தூக்கிச் சென்றது. பணமில்லை, நட்சத்திரங்களும் இல்லை. வேறு காரணம் எதையும் காட்டி இந்தப் பட்டத்தை எக்கெனிடமிருந்து பிரிக்க முடியாது. அவர் போன மூன்றே ஆண்டுகளில், 1990-இல், மோஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

1988-இல் ரோசன்போர்க்குக்குத் திரும்பினார். 1994 வரையிலான ஏழு பருவங்களில் ஐந்து பட்டங்கள். இந்த ஏழு ஆண்டுகளைத் தனியே பிரித்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துவேன். சாம்பியன்ஸ் லீகின் குழுச் சுற்றுக்குள் ரோசன்போர்க் முதன்முதலாக நுழைந்தது 1995-இல், துருக்கியின் பெஷிக்டாஷைத் தகுதிச் சுற்றில் தாண்டிய பிறகு. அதிலிருந்து 2002 வரை தொடர்ந்து எட்டு முறை அங்கே இருந்தது. ஒவ்வொரு முறையும் வந்த வருவாய், மற்ற நார்வே மன்றங்கள் கனவிலும் காணாத தொகை. உள்நாட்டில் யார் நன்றாக ஆடினாலும் அவர் அடுத்த பருவத்தில் லெர்கென்டால் திடலில் ரோசன்போர்க் சட்டையோடு நிற்பார் என்ற நிலை வந்தது. ஜான் கேரூ வோலெரெங்காவிலிருந்து வந்தது அப்படித்தான். 1992 முதல் 2004 வரை அந்த மன்றம் தொடர்ச்சியாக வென்ற 13 பட்டங்களை ஒரே கல்லில் செதுக்கிய சிலைபோல் பேசுவது வழக்கம். முதல் பாதியில் முறை பணத்தைக் கொண்டுவந்தது. இரண்டாம் பாதியில் பணம் முறையின் குறைகளை மறைத்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது திறனாய்வு ஆகாது.

இந்த இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் 1996 டிசம்பர் 4 இருக்கிறது. மிலானின் சான் சீரோ திடல். குழுச் சுற்றின் கடைசி ஆட்டம். மிலானுக்குச் சமன் போதும். ரோசன்போர்க் வென்றாக வேண்டும். இரண்டு மாதத்துக்குச் சற்று முன்பு ட்ரோன்ட்ஹெய்முக்கே வந்து 4-1 என்று அடித்துவிட்டுப் போன அணி அது. சில நாட்களுக்கு முன்புதான் பயிற்சியாளரை நீக்கிவிட்டு அரீகோ சாக்கியைத் திரும்ப அழைத்திருந்தது. முதல் பாதியில் ஹரால்ட் ப்ராட்பாக் கோல் அடித்தார். இடைவேளைக்கு முன் மிலானின் டுகாரி சமன் செய்தார். இரண்டாம் பாதியில், அங்கிருந்து பின்வாங்கித் தோல்வியைக் கௌரவமாக்கிக்கொள்ளும் வழி ரோசன்போர்க்குக்குத் திறந்தே இருந்தது. அந்த வழியை எக்கெனின் அணி எடுக்கவில்லை. வெளித்திடலில், சமனான நிலையில், மூன்று முன்கள வீரர்களோடு தாக்கியது. 21 வயது வேகார்ட் ஹெக்கெமின் கோல் 2-1 ஆக்கியது. பெரும்பாலும் நார்வே வீரர்களைக்கொண்ட அணி மிலானை வெளியேற்றியது.

ஒரே இரவை வைத்து ஒரு வாழ்க்கையை அளக்கக் கூடாது. அதே குழுவில் போர்ட்டோவிடம் ரோசன்போர்க் இரண்டு முறையும் தோற்றது. கால் இறுதியில் யுவென்டஸோடு சொந்தத் திடலில் 1-1, டூரினில் 0-2. ஆனால் சான் சீரோவின் மதிப்பு அதன் முடிவில் மட்டும் இல்லை. அழுத்தம் உச்சத்தில் இருந்த நேரத்தில் அணி தன் முறையைக் கைவிடவில்லை, பயின்றதையே ஆடியது. அடுத்த ஆண்டு லெர்கென்டாலில் ரியல் மட்ரிடை 2-0 என்று வென்றபோதும் இதுவே நடந்தது. அந்த மட்ரிட்தான் அந்தப் பருவத்தின் ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. 1999-இல் டோர்ட்முண்டில் கிடைத்த 3-0 வெற்றியையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

மறுபக்கத்தையும் அதே கண்டிப்போடு பார்க்கவேண்டும். 1997-இல் ஒலிம்பியாகோஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை வென்றிருந்தால் மீண்டும் கால் இறுதி. முன்னிலையில் இருந்த அணி கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 2-2 என்று முடித்து, வெளியேறியது. முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் திறன், கோல் அடிக்கும் அளவுக்கு அங்கே வளர்க்கப்படவில்லை. 1999-2000-இல் முதல் குழுவை வென்றவர்கள், பயர்ன், மட்ரிட், டைனமோ கீவ் இருந்த இரண்டாம் குழுவில் ஒரே ஒரு புள்ளியோடு கடைசி இடம். 2000 அக்டோபரில் பாரிஸில் 7-2 என்று தோல்வி. 2002-இல் குழுவில் ஒரு வெற்றிகூட இல்லை. உள்நாட்டில் பட்டங்கள் தொடர்ந்த அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இந்தச் சரிவு. எதிரணிகள் ரோசன்போர்க்கைப் படித்துவிட்டன; எக்கென் தன் முறையை மறுபடி படிக்கவில்லை. உறுதி என்று 1996-இல் நாம் பாராட்டியதும், இறுக்கம் என்று 2002-இல் குறைசொல்வதும் ஒரே குணத்தைத்தான். அதற்காக முந்தைய பாராட்டைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியைக் கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்க வேண்டும்.

கோட்பாட்டுக்கு ஆதரவான வலுவான சான்று, ரோசன்போர்க்கை விட்டுப் போனவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது. லெர்கென்டாலில் கோல் மழை பொழிந்த ப்ராட்பாக், 1997 இறுதியில் செல்டிக்குக்குப் போனார். அடுத்த மே மாதம் அவர்களுக்குப் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார் என்பதைத் தவிர, பழைய ப்ராட்பாக்கை ஸ்காட்லாந்து பார்க்கவேயில்லை. ஸ்கம்மெல்ஸ்ருட் லெவர்குசனுக்குப் போய், நிலைக்காமல் விரைவில் திரும்பி வந்தார். டார்பிக்குப் போன பியோர்ன் ஓட்டோ ப்ராக்ஸ்டாடும் அங்கே வேரூன்றவில்லை. திறன் இருவருக்கிடையில் இருக்கிறது என்ற கூற்றை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் நிறுவ முடியாது. ஆனால் இதே சான்று கோட்பாட்டின்மீது ஒரு குற்றச்சாட்டும் ஆகிறது. ஓர் இடத்துக்கு மட்டும் பொருந்தும்படி வீரரை வளர்ப்பது, அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் அவரைக் குறைத்துவிடுகிறது. குறையைத் திருத்தாமல் வலிமையை மட்டும் வளர்த்தால், புதிய அணியில் அந்தக் குறையை மூட யாரும் இல்லாதபோது அது வெளியே தெரிகிறது. விதிவிலக்குகள் உண்டு. ஸ்டெஃபன் ஈவெர்சென் டாட்டன்ஹாமில் தாக்குப்பிடித்தார்; ஹெக்கெம் லிவர்பூலில் இடம் பிடித்தார். இருவரும் இளம் வயதில், முறை முழுவதும் படியுமுன் கிளம்பியவர்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நூல். 'கோட்ஃபோட்டன்' (நல்ல கால்) என்ற தலைப்பில், இணையாசிரியர் ஒருவரோடு எக்கென் எழுதியது. 1998-இல் பயிற்சிப் பொறுப்பை ட்ரோன்ட் சொல்லியேட்டிடம் விட்டு ஓராண்டு விலகி இருந்துவிட்டு, திரும்பிவந்த ஆண்டில் வெளியானது. ஒத்திசைந்து செயல்படுவதே வெற்றிக்கு வழி என்று துணைத்தலைப்பு அறிவிக்கிறது. முழு மனமும் செயலில் கரைந்துபோகும் நிலை பற்றிய உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயியின் கருத்துகளோடு தன் அனுபவத்தை எக்கென் இணைத்தார். ஒரு பயிற்சியாளர் தன் தொழிலைத் தன் சொற்களில், தன் தொழிலுக்கு உள்ளிருந்தே சிந்திக்கிறார் என்பது நூலின் உண்மையான பலம். வெற்றிபெற்ற பயிற்சியாளர்களின் நூல்கள் பெரும்பாலும் நினைவுக்குறிப்புகளாகவே முடிந்துபோகும். இது ஒரு கருத்தை முன்வைக்கிறது. அந்தக் கருத்து விவாதிக்கத் தக்கதாகவும் இருக்கிறது.

குறை அந்தத் துணைத்தலைப்பிலேயே தொடங்குகிறது. வெற்றிக்கு வழி என்று சொல்லிவிட்டால், வெற்றியே சான்றாகிவிடுகிறது. அணி வென்றால் ஒத்திசைவு இருந்தது. தோற்றால் ஒத்திசைவு குறைந்தது. எந்த நிகழ்வு நடந்தால் இந்தக் கூற்று பொய்யாகும் என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட வாதத்தில் விடை இராது. நூலுக்குப் பிறகு நிறுவனங்களும் மேலாளர்களும் எக்கெனைப் பேச அழைத்தார்கள். கால்பந்துக் களத்தில் தினசரிப் பயிற்சியால் பொருள்பெற்ற ஒரு கருத்து, அந்தப் பயிற்சி இல்லாத அறைகளில் நல்லுரையாக மெலிந்தது. இதில் எக்கெனுக்கும் பங்குண்டு. அவர் தன் கருத்தின் எல்லையைக் கறாராக வரைந்திருந்தால், அதைக் கடன் வாங்கியவர்கள் இவ்வளவு எளிதாக வாங்கியிருக்க முடியாது.

ஒப்பீட்டுக்கு எகில் ஓல்சென் அருகிலேயே இருக்கிறார். 'ட்ரில்லோ' என்று நாடே அழைக்கும் அவரும் முன்னாள் ஆட்டக்காரர், அவரும் கோட்பாட்டாளர். எப்படிப்பட்ட தாக்குதல்களிலிருந்து கோல்கள் பிறக்கின்றன என்பதை எண்ணிக் கணக்கிட்டுத் தன் முறையைக் கட்டினார்; 1994, 1998 உலகக் கோப்பைகளுக்கு நார்வேயை அழைத்துச் சென்றார்; 1998-இல் மார்செயில் பிரேசிலை 2-1 என்று வென்றார். ட்ரில்லோவின் கூற்றுகளை எண்களால் சோதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அறிவியல் ஒழுங்கில் அவர் எக்கெனைவிட ஒரு படி மேலே. ஆனால் அவருடைய ஆட்டத்தில் வீரர் ஒரு பணியைச் செய்பவர். எக்கெனின் ஆட்டத்தில் வீரர் இன்னொருவரை அறிந்துகொள்பவர். ட்ரில்லோவின் நார்வே வென்றது, பார்ப்பவர்களை அரிதாகவே கவர்ந்தது. எக்கெனின் ரோசன்போர்க் வென்றதோடு பார்க்கத் தக்கதாகவும் இருந்தது. ட்ரில்லோவின் தேசிய அணிக்கு ஸ்ட்ராண்டும் ஹோஃப்டூனும் ரோசன்போர்க்கில் பயின்றவற்றோடுதான் போனார்கள் என்பதை ட்ரில்லோவின் கணக்கெழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

எக்கெனின் குணத்தைப் பற்றி எழும் முரண்பாட்டையும் தவிர்க்க முடியாது. ஒத்திசைவைப் பற்றி எழுதியவர், எல்லைக்கோட்டில் நின்று ட்ரோன்ட்ஹெய்ம் வட்டார வழக்கில் வசைமாரி பொழிவதில் பேர்பெற்றவர். இதைப் பாசாங்கு என்று சொல்வது எளிது; நான் அப்படிச் சொல்லமாட்டேன். அடுத்தவரின் ஓட்டத்தைப் பார்க்காமல் பந்தை வைத்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்றால், அந்தக் கோபம் கோட்பாட்டோடு முரண்படவில்லை. ஆனால் ஒத்திசைவு என்பது சமமானவர்களுக்கிடையே நடப்பதாக நூல் வாசிக்கப்பட்டபோது, நடைமுறையில் அதன் நடுவில் கேள்விக்கு அப்பாற்பட்ட ஒருவர் நின்றார் என்பது சொல்லப்படவில்லை. அவருடைய அதிகாரமும் முறையின் ஓர் உறுப்புதான். அதை அவர் எழுதவில்லை.

அவர் இல்லாதபோது என்ன நடந்தது என்பது கடைசிச் சோதனை. 1998-இல் சொல்லியேட் பட்டத்தைத் தக்கவைத்தார். எக்கென் 2002-இல் விடைபெற்ற பிறகு 2003-இல் ஓகே ஹாரெய்டே வென்றார். 2004-இல் புள்ளிகளும் கோல் வித்தியாசமும் சமனாக, அடித்த கோல்களின் எண்ணிக்கையால் மட்டுமே வோலெரெங்காவை முந்தியது ரோசன்போர்க். 2005-இல் ஏழாம் இடம். முறை தன்னை உருவாக்கியவர் இல்லாமல் சில ஆண்டுகள் ஓடியது, பிறகு நின்றது. 2010-இல், ஏறத்தாழ 70 வயதில், தற்காலிகப் பொறுப்பேற்றுத் திரும்பினார். ஒரு தோல்விகூட இல்லாத அந்தப் பருவத்தின் பட்டம் அவர் கையில் முடிந்தது. ஆனால் அணியை அமைத்தவர் அவருக்கு முன்பிருந்த எரிக் ஹாம்ரேன். ஐரோப்பிய வாயிலில் கோபன்ஹேகன் அணி வெளித்திடல் கோலால் அவர்களைத் தடுத்துவிட்டது. அந்தப் பட்டத்தை அவர் கணக்கில் எழுதலாம், கோட்பாட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

என் தீர்ப்பு இது. 1987-இல் மோஸ், 1988 முதல் 1997 வரை ரோசன்போர்க்: இந்தப் பதினோரு ஆண்டுகளின் எக்கென், ஐரோப்பாவின் முதல்தரப் பயிற்சியாளர்களோடு சேர்த்து எண்ணத் தக்கவர். அதற்குப் பிந்தைய எக்கென் தான் கட்டியதை நன்றாக நடத்தியவர். நூலாசிரியர் எக்கென், முதல்தரமான ஒரு கருத்தை இரண்டாம்தரமான வாதத்தோடு தந்தவர். கருத்துக்கான மெய்யான நிறுவல் அந்த நூலில் இல்லை. 1996 டிசம்பர் 4-ஆம் தேதி சான் சீரோவில் நடந்த ஆட்டத்தின் பதிவில் இருக்கிறது. நூலை வாசிக்க விரும்புபவர் அந்த ஆட்டத்தை முதலில் பார்க்கட்டும்.